மூன்றாம் கேள்விக்கு அவர் சொன்ன பதில்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுப்பதும் தைப்பதும் நான்தான். வாடிக்கையாளர் சீட்டில் எழுதிக் கொடுக்கிற அளவை நம்பி இதுவரை ஒருமுறைகூட நான் துணியில் கத்தரி வைத்ததில்லை. நேரில் போய் என் நாடாவால் அளந்து பார்த்தால் பத்தில் ஏழு பேர் தப்பாகத்தான் கொடுத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நடுநடுவே நானும் வந்து விழுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷ அனுபவம். அவருக்குத் திக்குவாய், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. சிலருக்கு முதல் எழுத்து நாலு தடவை வரும்; இவருக்கு அதுவும் வராது. வாய் திறந்தபடி நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் உள்ளே எங்கோ மாட்டிக்கொள்ளும். ஐந்து செகண்ட், சில நாள் பத்து செகண்ட். முதல் வார்த்தை வெளியே வந்துவிட்டால் அடுத்த இரண்டு வாக்கியம் ஒழுங்காக ஓடும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும் அல்லவா? இவர் 'உ'வை எட்டுவதற்குள் ஆசிரியர் நாலு பெயர் தாண்டியிருப்பாராம். எட்டாம் வகுப்பில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் போனவரை, வருகை போதாது என்று சொல்லிப் பரீட்சைக்கு உட்கார விடவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்த ஆசிரியர் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

நான் அவரை முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். ஆறு அடித் திரைக்கம்பிகளோடு ஒரு கட்டடத்தின் லிஃப்டில் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன். அரை மணி கழித்து வெளியே ஆள் வந்த அரவம் கேட்டது. "யாருங்க அது? கேக்குதா?" என்று கத்தினேன். பதிலுக்குக் கதவில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. "என்னய்யா தட்டுற? வாயைத் திறந்து பேசினா முத்து உதிர்ந்துடுமா?" என்றேன். மறுபடியும் இரண்டு தட்டு. கதவு திறந்தபோது நெற்றியெல்லாம் வியர்வையோடு ஒருவர் நின்றார். வாயைத் திறந்தார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், "பயந்துட்டீங்களா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவ்வளவு பாடுபட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்டு மாசத்தில் கல்யாணம்.

அந்த இரண்டு தட்டுக்கு அர்த்தம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. லிஃப்ட் வேலையில் ஒருவர் அடியில் குழிக்குள் இருப்பார், இன்னொருவர் மேலே மோட்டாரிடம் இருப்பார். கத்தித்தான் பேசிக்கொள்ள வேண்டும். இவர் கத்த முயன்று, வார்த்தை வருவதற்குள் மேலே இருப்பவர் சுவிட்சைப் போட்டால் கதை முடிந்தது. அதனால் இவரும் இவருடைய கூட்டாளியும் தங்களுக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார்கள். ஸ்பானரால் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து. மூன்று தட்டு, ஓட்டு. இரண்டு தட்டு என்றால், 'கேட்டுச்சு, பொறு.' அந்த இரண்டு தட்டு வராமல் மேலே இருப்பவர் எதையும் தொடக் கூடாது. பதினேழு வருஷம் இப்படியே வேலை செய்து, அது அவர் கையில் ஊறிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். "சாப்பிட வர்றீங்களா?" என்றால் சுவரிலோ நாற்காலியிலோ விரலால் இரண்டு தட்டுவார். பதில் பிறகு நிதானமாக வரும்.

கூட்டாளியை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற ஆள். கட்டடத்துக்காரர்களிடம் இவருக்கும் சேர்த்து அவனே பேசுவான். இவரை 'அண்ணே' என்பான், என்னை 'அண்ணி' என்பான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் வீட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டு, "என்ன அண்ணே, என்னைப் பேசவே விட மாட்டேங்கிறீங்க" என்று இவரையே குற்றம் சொல்லிவிட்டுப் போவான்.

போன வருஷம் அவர்களுடைய முதலாளி உடம்பு முடியாமல் தொழிலை மூடினார். அவர் பார்த்துவந்த அறுபது கட்டடங்களையும் ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. பழைய ஆட்களும் புதியவர்களைப் போலவே விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆளை நேரில் பார்ப்பதெல்லாம் பிறகுதான். முதலில் போனில் ஒரு மென்பொருள் பெண் குரலில் கேள்வி கேட்கும், நாம் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அது தள்ளிவிட்டால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. ஊரில் லிஃப்ட் வேலை என்றால் இனி அந்தக் கம்பெனிதான். நாற்பத்தாறு வயதில் இவர் வேறு என்ன தொழிலுக்குப் போவார்?

வாயாடி திங்கட்கிழமை அந்தப் பேட்டியை முடித்தான். அன்றைக்கே தேர்வாகிவிட்டான். "ஒண்ணுமில்ல அண்ணி, அந்த மெஷின் அம்மா என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே பேசணும், அவ்வளவுதான்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை இவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு என் தையல் மேஜை முன்னால் உட்கார்ந்தார். போனை நூல் டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக் கொடுத்தேன். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததால் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். அந்த மெஷின் அம்மாவின் குரல் கேட்டது. பிறகு மேஜையில் டொக் டொக். பிறகு அமைதி. மறுபடியும் அவள் குரல், மறுபடியும் டொக் டொக். பதினாலு வருஷமாகக் கேட்கிற சத்தம். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

வெளியே வந்தவரிடம், "எப்படிப் போச்சு?" என்றேன்.

வழக்கம்போல நேரமெடுத்து, "அது நிக்க மாட்டேங்குது" என்றார். மெஷினைத் திட்டிப் புலம்புகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. 'தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம்' என்று ஆரம்பித்து, வருந்துகிறோம் என்று முடித்திருந்தார்கள். பேட்டி முடிந்து நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. பத்தொன்பது வருஷத்தை நாலு நிமிஷத்தில் மிகுந்த கவனத்துடன் யார் பரிசீலித்தது? எனக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது. முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டுமென்றால், உள்ளே யாரோ வத்தி வைத்திருக்க வேண்டும். உள்ளே நமக்குத் தெரிந்தவன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாயாடியைக் கவனித்தேன். அந்த வாரம் அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன் செய்தால், "அப்புறம் பேசுறேன் அண்ணி" என்று வைத்துவிட்டான். அவன் அப்புறம் பேசுகிற ஆளே இல்லை. புதன்கிழமை ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போகும் வழியில், அந்தக் கம்பெனி ஆபீஸ் படியில் ஒரு அதிகாரியம்மாவிடம் கை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டான். வெள்ளிக்கிழமையும் அதே ஆபீஸ். மெக்கானிக்குக்கு ஆபீஸில் என்ன வேலை?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "உங்க தம்பிதான் போட்டுக் கொடுத்திருக்கான். உங்களைக் கழிச்சுவிட்டா சீனியர் அவன்தானே?"

அவர் தலையைத் தலையை ஆட்டினார். "இல்ல. அவன் செய்ய மாட்டான்."

"எப்படிச் சொல்றீங்க?"

அவர் எழுந்து போய்விட்டார். நம்புகிறவர்களிடம் காரணம் இருக்காது. என்னிடம் நாலு காரணம் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கட்டடத்தில், கதவுப் பூட்டு கோளாறாகி லிஃப்ட் நின்றுவிட்டது. கதவு சரியாகப் பூட்டாமல் லிஃப்ட் நகரக் கூடாது; பாதுகாப்புக்கென்றே அப்படி வைத்திருப்பார்கள். கூட்டம் சத்தம் போட்டது. வாயாடி பொறுமையிழந்து ஒரு துண்டுக் கம்பியால் அந்தப் பூட்டை ஏமாற்றி லிஃப்டை ஓட்டிவிட்டான். இவர் ஓடிவந்து கம்பியைப் பிடுங்கி எறிந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததும் இல்லை. இது அவனுக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். இவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். 'பெயர் சொல்லாமலும் புகார் தெரிவிக்கலாம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் காலத்து மொட்டைக் கடுதாசிதான், காகிதம் மட்டும் இல்லை. கம்பி விஷயத்தை அப்படியே எழுதினேன். பொய் ஒரு எழுத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுப்பியதும், 'நன்றி, தங்கள் புகார் ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது. ஜன்னல் ஒன்றை நேரில் அளக்காமல் நான் கத்தரி வைத்தது அன்றுதான்.

திங்கட்கிழமை நேராக அந்த ஆபீசுக்கே போனேன். என் வீட்டுக்காரரை எதற்காகத் தள்ளினீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவு. ஆள் எடுக்கும் அதிகாரியம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. படியில் வாயாடியோடு பேசிக்கொண்டிருந்தவள்தான். முதலில், "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றாள். நான் நாற்காலியைவிட்டு எழுகிற மாதிரித் தெரியாததால் பெருமூச்சு விட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ஆறு கேள்வி. ஆறுக்கும் சேர்த்து அவர் பேசினது ஒன்பது செகண்ட்" என்றாள். அதற்குக் கீழே சிவப்பில் ஒரு வரி. வெளி ஆள் உதவி, சந்தேகம்.

"எந்த வெளி ஆள்?"

"ஒவ்வொரு கேள்வி முடிஞ்சதும் ரெண்டு தட்டுச் சத்தம் வருதாம். பக்கத்துல யாரோ உக்காந்து சைகை குடுக்கிறாங்கன்னு சிஸ்டம் எடுத்துக்கிச்சு."

"வீடியோவைப் போடுங்கம்மா" என்றேன். அவளும் அதை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

அந்த மெஷின் அம்மா, உங்கள் பெயரும் அனுபவமும் சொல்லுங்கள் என்றாள். இவர் இரண்டு தட்டுத் தட்டினார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஏழு செகண்ட் பேச்சு வரவில்லையென்றால் பதில் முடிந்தது என்று அர்த்தமாம். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். இவர் அவசரமாக மறுபடியும் இரண்டு தட்டினார், கேட்டுச்சு, பொறு என்று. அவள் எங்கே பொறுத்தாள்? லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட பயணி பயந்து கத்தினால் என்ன செய்வீர்கள் என்று மூன்றாம் கேள்வி வந்தபோதுதான் இவருக்கு முதல் வார்த்தை கிடைத்தது. சந்தோஷமாகத் தன் பெயரைச் சொன்னார். பயணி கத்தினால் என்ன செய்வீர்கள் என்பதற்கு என் வீட்டுக்காரரின் பதிலாக அவருடைய பெயர் பதிவாகியிருந்தது. பயந்து கத்திய பயணி நான். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

"இதை யாருமே பார்க்கலையா?" என்றேன்.

"ஐந்நூறு பேர் விண்ணப்பிச்சாங்க. அது தேர்ந்தெடுத்துக் குடுக்கிற நாப்பது பேரைத்தான் நாங்க பார்ப்போம். ஏற்கெனவே இங்க நல்லா வேலை செய்றவங்க எப்படிப் பேசுறாங்களோ, அப்படிப் பேசுறவங்களை அது தேடும்."

"அவங்கள்ல யாராவது திக்குவாயா?"

அவள் யோசித்தாள். "இல்லைன்னு நினைக்கிறேன்."

"எப்படி இருப்பாங்க? உள்ளயே விடலையே!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, "இதைச் சொல்லித்தான் அவரும் வந்து மூணு தடவை சண்டை போட்டார்" என்றாள்.

"எவர்?"

"உங்க வீட்டுக்காரரோட வேலை செஞ்சவர். நல்லாப் பேசுவாரே, அவர். அண்ணன் இல்லாம நான் குழிக்குள்ள இறங்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். அவர் சிபாரிசுல வர்ற வியாழக்கிழமை உங்க வீட்டுக்காரரை நேர்ல கூப்பிடறதா இருந்தோம். உறுதியாகாம வீட்டுல சொல்லாதீங்க, ஆசை காட்டி மோசம் பண்ணினதா ஆயிடும்னு அவர்தான் சொன்னார்."

"இருந்தோம்னா?"

"சனிக்கிழமை அவர் மேலயே ஒரு புகார் வந்துடுச்சு. பாதுகாப்புன்னு ஒரு வார்த்தை இருந்தாலே சிஸ்டம் உடனே சஸ்பெண்ட் பண்ணிடும். அவர் சிபாரிசும் அதோட போச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் எழுதியதையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. திட்டுவதற்கு வார்த்தை தேடவும் இல்லை. அன்று முழுக்க நான் இருக்கிற அறைக்கு வரவில்லை. அவர் நம்பிச் சொன்ன ஒன்றை எடுத்து அவருடைய தம்பி மேலேயே எறிந்திருக்கிறேன். வேறு என்ன செய்வார்?

மறுநாள் காலை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

அந்த அதிகாரியம்மாவின் எதிரில் உட்கார்ந்தோம். அவர் மேஜையில் இரண்டு தட்டினார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் சொல்லப்போவது என்னவென்று எனக்கும் தெரியாது. முதல் வார்த்தைக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. வியர்த்தது, கண்ணில் நீர் வந்தது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கம்பியை மாட்டச் சொன்னது நான்" என்றார். "அவன் வேண்டாம்னான். நான் பெரியவன், சொன்னதைச் செஞ்சான்."

முதல் வார்த்தைக்குப் பிறகு ஓடிவிடுகிற பேச்சு அன்று ஓடவில்லை; இந்த மூன்று வாக்கியத்துக்குப் பதினோரு நிமிஷம். சுவர்க் கடிகாரம் எனக்கு எதிரில்தான் இருந்தது. அத்தனையும் பொய். ஒவ்வொரு வார்த்தைக்கும் கல் உடைக்கிற பாடு படுகிறவர், அந்தப் பாட்டை ஒரு பொய்க்காகப் பட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவள் எழுதிக்கொண்டாள். கையெழுத்து வாங்கும்போது, "இவ்வளவு கஷ்டப்பட்டு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க சார்" என்றாள்.

பேச்சு வராதவனிடம் பொய் இருக்காது என்று அந்தப் பெண்ணும் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இரக்கத்தோடு போட்ட கணக்கு, ஆனாலும் தப்பு. ஒரு வாரத்தில் வாயாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இவர் பெயருக்கு எதிரே, இனி எந்தக் காலத்திலும் எடுக்கக் கூடாது என்று ஏற்றிவிட்டார்கள். இப்போது ஒரு பழைய ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒற்றை லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறார். அதற்கு ஆள் எடுத்த பெரியவருக்குக் காது மந்தம். இவர் பேசினாரா பேசவில்லையா என்று அவர் கவலைப்படவில்லை.

வாயாடி வந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. தரையில் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"அந்தக் கம்பி விஷயம் என்னை விட்டா உலகத்துல ஒருத்தருக்குத்தான் தெரியும் அண்ணே" என்றான். "புகாரும் நீங்க குடுத்து, அப்புறம் மனசு கேக்காம பழியையும் நீங்களே ஏத்துக்கிட்டீங்களா? எனக்கு வேலை கிடைச்சது அவ்வளவு உறுத்துச்சா?"

இவர் வாயைத் திறந்தார். உதடு 'ஆ'வில் நின்றது. அவர் தேடுவது 'ஆமா' என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்ற இன்னொரு பொய். அவர் பேசும்போது நடுவில் புகுந்து முடித்து வைப்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். பதினாலு வருஷத்தில் நான் அதைச் செய்ததில்லை.

"அவர் இல்ல தம்பி. எழுதினது நான்" என்றேன்.

வாயாடி என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். ஏதாவது கேட்பான், கத்துவான் என்று நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், அவ்வளவுதான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான். பழையபடி ஊர்க்கதையெல்லாம் சொல்கிறான், அவரிடம் மட்டும். என்னை அண்ணி என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. தாகமெடுத்தால், "அண்ணே, கொஞ்சம் தண்ணி வேணும்" என்று அவரைத்தான் கேட்கிறான். நான் இரண்டடி தள்ளித் தையல் மேஜையில்தான் இருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, அந்தத் 'தண்ணி' வருகிறவரை நானும் எழுந்திருக்காமல் காத்திருக்கிறேன்.